திருப்பிப் போட்டால் அதே பொருளா? நிபந்தனைக் கூற்று, மறுதலை, எதிருதாரணம்: முழுமையான வழிகாட்டி

சாதாரண தரக் கணித விடைத்தாள்களில் அடிக்கடி புள்ளி போகிற இடம் ஒன்று உண்டு. கேத்திரகணித நிறுவலில் பிள்ளை எல்லாப் படிகளையும் சரியாக எழுதியிருப்பாள். காரணம் எழுத வேண்டிய வரியில் மட்டும் "நடுப்புள்ளித் தேற்றம்" என்று எழுதியிருப்பாள். அவள் பயன்படுத்தியதோ அந்தத் தேற்றத்தின் மறுதலை. "இரண்டும் ஒன்றுதானே, சேர்?" என்று கேட்பாள்.

ஒன்றல்ல. முக்கோணியின் இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்தால் அந்தக் கோடு மூன்றாம் பக்கத்துக்குச் சமாந்தரம் என்பது தேற்றம். ஒரு பக்கத்தின் நடுப்புள்ளியினூடாக இன்னொரு பக்கத்துக்குச் சமாந்தரமாக ஒரு கோடு வரைந்தால் அது மீதிப் பக்கத்தை இருசமகூறிடும் என்பது மறுதலை. ஒன்றில் தந்தது மற்றதில் கிடைக்கிறது. இங்கே இரண்டும் உண்மையாக இருப்பதால் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பாடசாலையில் படிக்கும் தேற்றங்களில் பலவற்றுக்கு மறுதலையும் உண்மை. அதனால் எந்தக் கூற்றையும் திருப்பிப் போடலாம் என்ற எண்ணம் தானாகவே வேரூன்றிவிடுகிறது. உயர்தரத்தில் அளவையியலோ இணைந்த கணிதமோ எடுக்கும்போதுதான் அது வெளியே தெரிகிறது.

முழு விடயத்துக்கும் ஒரே ஒரு திறவுகோல் போதும்: நிபந்தனைக் கூற்றை, அதாவது "இது எனில் அது" என்ற வடிவிலான கூற்றை, உடைக்கக்கூடிய (பொய்யாக்கக்கூடிய) இடம் ஒன்றே ஒன்று. அது எது என்று தெரிந்துகொண்டால் மறுதலை, எதிருதாரணம் எல்லாம் அதிலிருந்து தாமாக வரும்.

முதற்படி: கூற்றை இரண்டாக வெட்டுங்கள்

"எனில்", "ஆயின்", "-ஆல்" ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் கூற்றுக்கு இரண்டு பாகங்கள் இருக்கும். முதலாவதை நிபந்தனை என்போம், இரண்டாவதை முடிவு என்போம். கொழும்பு பஸ்களை எடுத்துக்கொள்வோம்: "100 ஆம் இலக்க பஸ் எனில் அது வெள்ளவத்தையால் போகும்." நிபந்தனை: பஸ்ஸின் இலக்கம் 100. முடிவு: வெள்ளவத்தையால் போகும்.

சில கூற்றுகளில் "எனில்" மறைந்திருக்கும். "எல்லாச் சதுரங்களும் செவ்வகங்கள்" என்பது "ஓர் உரு சதுரம் எனில் அது செவ்வகம்" என்பதேதான். எழுதிப் பழகும் வரை இப்படி விரித்து எழுதுங்கள். மனத்துக்குள் வெட்டினால் திசை மாறிப்போகும்.

கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது "தான்". இவை இரண்டையும் பாருங்கள்:

"அனுமதி அட்டை இருந்தால் மண்டபத்துக்குள் விடுவார்கள்."
"அனுமதி அட்டை இருந்தால்தான் மண்டபத்துக்குள் விடுவார்கள்."

முதலாவது, அட்டை போதும் என்கிறது. இரண்டாவது, அட்டை இல்லாமல் முடியாது என்கிறது; அட்டையோடு வந்தவரை விடுவார்களா என்பதைப் பற்றி அது எதையும் உறுதிசெய்யவில்லை. அட்டை இருந்தும் அடையாள அட்டையை மறந்து வந்தவர் வாசலில் நிற்கலாம். எனவே இரண்டாவதை வெட்டும்போது திசை மாறும்: "ஒருவரை உள்ளே விட்டார்கள் எனில் அவரிடம் அட்டை இருந்தது." ஒரே ஒரு "தான்" நிபந்தனையையும் முடிவையும் இடம் மாற்றிவிட்டது. போதிய நிபந்தனை, அவசிய நிபந்தனை என்று அளவையியலில் பிரித்துப் படிப்பதும் இதைத்தான். "மட்டும்", "அன்றி" வரும் வாக்கியங்களிலும் இதே கவனம் வேண்டும்.

இரண்டாம் படி: உடையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பஸ் கூற்றுக்கே வருவோம். காலி வீதியில் நின்று பார்த்தாலும் சரி, வேறெங்கு நின்று பார்த்தாலும் சரி, வரும் பஸ் ஒவ்வொன்றும் நான்கு வகைகளில் ஒன்றில் விழும்.

பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் 100. அது வெள்ளவத்தையால் போகிறது. கூற்றோடு ஒத்துப்போகிறது.

மொரட்டுவையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் 101. அதுவும் வெள்ளவத்தையால் போகிறது, ஆனால் 100 அல்ல. கூற்றுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. 100 பற்றித்தான் பேசினோம். வேறு பஸ் அந்தப் பக்கம் வராது என்று சொல்லவில்லை.

மகரகமவிலிருந்து ஹைலெவல் வீதியால் புறக்கோட்டைக்குப் போகும் 138. அது 100 அல்ல, வெள்ளவத்தையாலும் போவதில்லை. இதுவும் பாதிப்பதில்லை.

மிஞ்சுவது ஒன்று: இலக்கம் 100, ஆனால் வெள்ளவத்தைப் பக்கமே வராத பஸ். அப்படி ஒன்றைக் காட்டினால் கூற்று உடைந்தது. ஒன்று போதும்.

எதிருதாரணம் என்பது இதுதான்: நிபந்தனை பொருந்த வேண்டும், முடிவு பொருந்தக் கூடாது. இரண்டும் ஒரே பொருளில் சேர்ந்திருக்க வேண்டும். பிள்ளைகள் எதிருதாரணம் என்று எழுதிக்கொண்டுவருபவற்றில் பெரும்பகுதி 101 வகையைச் சேர்ந்தது. "சதுரம் எனில் செவ்வகம்" என்ற கூற்றுக்கு, நீளமும் அகலமும் வேறுபட்ட ஒரு செவ்வகத்தை வரைந்து "இது சதுரம் இல்லையே" என்பார்கள். அந்த உரு நிபந்தனைக்குள்ளேயே வரவில்லை. ஆகவே கையில் எது கிடைத்தாலும் முதலில் "இது நிபந்தனைக்குள் வருகிறதா?" என்று கேளுங்கள். வராவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

நிபந்தனை பொருந்தாதபோது கூற்றை உண்மை என்று எடுப்பது பலருக்கு உறுத்தும். வாக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும். "மழை பெய்தால் த்ரீவீலில் வருவேன்" என்று அண்ணா சொன்னார். மழை பெய்யவில்லை. அவர் நடந்து வந்தாலும் த்ரீவீலில் வந்தாலும் சொன்ன சொல் தவறியதாக யாரும் குறை சொல்ல முடியாது. மழையும் பெய்து, அவரும் நனைந்துகொண்டு நடந்து வந்தால்தான் வாக்கு முறிகிறது.

மூன்றாம் படி: திருப்பிப் போட்டுப் புதிதாகச் சோதியுங்கள்

நிபந்தனையையும் முடிவையும் இடம் மாற்றி எழுதினால் வருவது மறுதலை. இடம் மாறியதும் உடையும் இடமும் மாறிவிடுகிறது. "வெள்ளவத்தையால் போகும் பஸ் எனில் அதன் இலக்கம் 100" என்று திருப்பினால், சற்று முன் பாதிப்பில்லாமல் நின்ற 101 இப்போது எதிருதாரணமாகிவிடுகிறது. ஒரு கூற்று உண்மை என்பது அதன் மறுதலை உண்மையா பொய்யா என்பதைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை. இரண்டும் வெவ்வேறு இடங்களில் உடைகின்றன.

இன்னொன்று. "பூரணைப் போயா எனில் அன்று பொது விடுமுறை." இலங்கையில் இது உண்மை. மறுதலை: "பொது விடுமுறை எனில் அன்று பூரணைப் போயா." இதற்கு எதிருதாரணம் தேடப் பலரும் கலண்டரைப் புரட்டுவார்கள். பெப்ரவரி 4 என்பார்கள், டிசம்பர் 25 என்பார்கள். நல்ல பதில்கள்தான், ஆனால் அந்தந்த ஆண்டில் பூரணை எந்தத் திகதியில் வருகிறது என்று பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். எனக்குப் பிடித்த எதிருதாரணம் தீபாவளி. அது பொது விடுமுறை; ஐப்பசித் தேய்பிறையின் முடிவில், அமாவாசையை ஒட்டி வருவது. எந்த ஆண்டை எடுத்தாலும் அன்று பூரணையாக இருக்க முடியாது. கலண்டர் தேவையில்லை, காரணமே போதும். நல்ல எதிருதாரணத்தின் அழகு அது.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. "பூரணை" என்ற சொல்லை விட்டுவிட்டு "விடுமுறை எனில் போயா" என்று மட்டும் எழுதினால், எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்ற கேள்வி எழும். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் சனி, ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாட்களும் அவற்றுக்கு முந்தைய நாட்களுமே வார விடுமுறையாக இருந்தன. அப்போது அமாவாசையும் போயா, இரு அரைநிலா நாட்களும் போயா. அந்த ஆண்டுகளில் தீபாவளி அமாவாசைப் போயாவிலேயே விழுந்திருக்கலாம். எனவே எதிருதாரணம் காட்டும் முன் கூற்று எந்த எல்லைக்குள் பேசுகிறது என்று தீர்மானியுங்கள்: எந்த எண்கள், எந்த உருக்கள், எந்தக் காலம்.

கேத்திரகணிதத்துக்குப் போவோம். "நாற்பக்கல் சாய்சதுரம் எனில் அதன் மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டும்." உண்மை. மறுதலை உண்மையா? காலிமுகத்திடலில் பிள்ளைகள் விடும் சாதாரணப் பட்டத்தின் சட்டத்தைப் பாருங்கள். நெடுங்குச்சி ஒன்று, குறுக்குக் குச்சி ஒன்று, இரண்டும் செங்குத்து. கட்டிய இடத்திலிருந்து இடப்பக்கம் 12 அங்குலம், வலப்பக்கம் 12, மேலே 9, கீழே 16 என்று வைப்போம். பைதகரசின் தேற்றப்படி மேல் விளிம்பு ஒவ்வொன்றும்: 144 உம் 81 உம் 225, அதன் வர்க்கமூலம் 15. கீழ் விளிம்பு: 144 உம் 256 உம் 400, வர்க்கமூலம் 20. மூலைவிட்டங்கள் செங்குத்து, பக்கங்களோ 15, 15, 20, 20. சாய்சதுரம் அல்ல. மறுதலை உடைந்தது. நெடுங்குச்சியும் சரியாக நடுவில் கட்டப்பட்டிருந்தால், அதாவது மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமகூறிடவும் செய்தால், சாய்சதுரம் கிடைத்திருக்கும். எதிருதாரணத்தைக் கூர்ந்து பார்த்தால் எது குறைந்தது என்பதையும் அதுவே சொல்லித்தரும்.

எண்களில் ஒன்று. 2 இன் வலு ஒன்றிலிருந்து 1 ஐக் கழித்தால் வருவது முதன்மை எண் எனில், அந்தச் சுட்டியும் முதன்மை எண். இது நிறுவப்பட்டது. மறுதலையைச் சோதித்தால் ஆரம்பத்தில் ஏமாற்றும்: சுட்டி 2 க்கு 3, சுட்டி 3 க்கு 7, சுட்டி 5 க்கு 31, சுட்டி 7 க்கு 127. எல்லாம் முதன்மை எண்கள். அடுத்த முதன்மைச் சுட்டி 11. வருவது 2047. அது 23 ஐ 89 ஆல் பெருக்கினால் வரும் எண்.

மறுதலையும் உண்மையாக அமையும் இடங்களில் "எனின், எனின் மட்டுமே" என்று எழுதலாம். அப்போது இரு திசைகளையும் தனித்தனியே நிறுவ வேண்டும். யூக்கிளிட் அதைத்தான் செய்தார்: முதலாம் நூலில் 47 ஆவது பைதகரசின் தேற்றம், 48 ஆவது அதன் மறுதலை. வரைவிலக்கணங்கள் இரு திசையிலும் செல்லும். சாதாரண தரத்தில் 75 உம் அதற்கு மேலும் எடுத்தால் ஏ சித்தி. ஏ சித்தி என்றால் 75 உம் அதற்கு மேலும். ஆனால் "65 எடுத்தால் சித்தி" என்பது ஒரு திசைதான். 40 எடுத்தவருக்கும் எஸ் சித்தி உண்டு.

மறுதலையைக் கேள்வி கேட்காமல் ஏற்பது புள்ளிகளோடு முடிகிற விடயம் அல்ல. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 300 க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். தாக்குதல் நடத்த வருபவர்கள் லொட்ஜ்களில் தங்குகிறார்கள் என்பது பாதுகாப்புத் தரப்பு சொன்ன காரணம். அதை உண்மை என்றே வைத்தாலும், லொட்ஜில் தங்குபவர் தாக்க வந்தவர் என்று அதிலிருந்து வராது. கடவுச்சீட்டு எடுக்க, வைத்தியம் பார்க்க, வெளிநாட்டு வேலை தேட என்று ஊரிலிருந்து வருபவரும் அங்கேதான் தங்குவார். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. மனிதரைப் பற்றிய கூற்றைத் திருப்பும்போது எதிருதாரணமாக நிற்பது ஓர் எண்ணோ உருவோ அல்ல என்பதால், அங்கே இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவதை நான் மன்னிக்கக்கூடிய கவனக்குறைவாகக் கருதுவதில்லை.

நான்காம் படி: மறுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்

இரு பாகங்களையும் மறுத்து, திருப்பியும் போட்டால் மூலக்கூற்றே வேறு உடையில் வரும். "வெள்ளவத்தையால் போகாத பஸ் எனில் அது 100 அல்ல." இது எங்கே உடையும்? வெள்ளவத்தையால் போகாமல், இலக்கம் 100 ஆக உள்ள பஸ்ஸில். மூலக்கூற்று உடைந்ததும் அதே பஸ்ஸில்தான். உடையும் இடம் ஒன்று என்றால் பொருளும் ஒன்று.

திருப்பாமல், மறுக்க மட்டும் செய்தால், "100 அல்லாத பஸ் எனில் வெள்ளவத்தையால் போகாது" என்று வரும். இதை 101 உடைக்கிறது. மறுதலையை உடைத்ததும் 101 தான். ஆகவே இது மறுதலைக்குச் சமம், மூலக்கூற்றுக்கு அல்ல.

1966 இல் பீற்றர் வேசன் என்ற பிரித்தானிய உளவியலாளர் அறிமுகப்படுத்திய அட்டைச் சோதனை இதையே பார்க்கிறது. தமிழுக்கு மாற்றிச் சொன்னால்: மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். தெரிவன அ, க, 4, 7. "ஒரு பக்கத்தில் உயிரெழுத்து எனில் மறுபக்கத்தில் இரட்டை எண்" என்ற விதி உண்மையா என்று பார்க்க எந்த அட்டைகளைக் கட்டாயம் திருப்ப வேண்டும்? பெரும்பாலானோர் அ, 4 என்பார்கள். சரியான விடை அ, 7. 4 இன் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. 7 இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடையும். ஆரம்பச் சோதனைகளில் சரியாகச் சொன்னவர்கள் 10 இல் ஒருவருக்கும் குறைவு.

அதையே கடைக்குக் கொண்டுவாருங்கள். 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்கக் கூடாது. கடையில் நால்வர்: ஒருவர் சிகரெட் வாங்குகிறார், ஒருவர் பிஸ்கட் வாங்குகிறார், ஒருவருக்கு 30 வயது, ஒருவருக்கு 17 வயது. யாரைச் சோதிக்க வேண்டும்? சிகரெட் வாங்குபவரின் வயதை, 17 வயதுக்காரரின் கையில் இருப்பதை. வகுப்பில் இதை யாரும் பிழை விடுவதில்லை. அட்டைச் சோதனையும் இதுவும் அமைப்பில் ஒன்றே. ஆகவே அட்டை போன்ற வினா வந்து குழம்பினால், நீங்களே விதியை மீறுபவரைத் தேடும் ஆளாக நின்று பாருங்கள்.

ஐந்தாம் படி: எதிருதாரணத்தைத் தேடும் விதம்

"ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணைவிடப் பெரியது." 2, 3, 10 என்று சோதித்துவிட்டு உண்மை என்று எழுதுவது வழக்கம். வசதியான எண்களைத் தவிர்த்து 0, 1, மறை எண், 1 ஐவிடச் சிறிய பின்னம் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். இங்கே 1 உம் அரையும் உடனே உடைக்கின்றன. கேத்திரகணிதம் எனில் சமபக்கமாக, சமச்சீராக வரையாதீர்கள்; கோணலாக வரையுங்கள்.

கண்மூடித்தனமாக எண்களைப் போட்டுப் பார்ப்பதைவிட, எங்கே உடையும் என்று யோசிப்பது மேல். ஒயிலர் 1772 இல் கவனித்த ஒன்று: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41 ஐயும் கூட்டுங்கள். 0 க்கு 41, 1 க்கு 43, 2 க்கு 47, 3 க்கு 53. 39 வரை எல்லாமே முதன்மை எண்கள். தொடர்ந்து 40 உதாரணங்கள் சரிவந்தால் யாருக்கும் நம்பத் தோன்றும். ஆனால் 41 ஐப் போட்டால் கூட்டும் மூன்றும் 41 ஆல் வகுபடும் என்பது கணிக்காமலே தெரிகிறது. இன்னும் உற்றுப் பார்த்தால் 40 இலேயே உடைகிறது: 40 இன் வர்க்கத்தோடு 40 ஐக் கூட்டினால் 40 தடவை 41. அதோடு இன்னொரு 41 சேர, 41 தடவை 41, அதாவது 1681.

சில வேளைகளில் எதிருதாரணம் மிகத் தொலைவில் இருக்கும். ஐந்தாம் வலுக்களைக் கூட்டி இன்னோர் ஐந்தாம் வலுவைப் பெறக் குறைந்தது ஐந்து எண்களாவது வேண்டும் என்பது ஒயிலர் 1769 இல் வைத்த ஊகத்தின் ஒரு பகுதி. 1966 இல் லாண்டர், பார்க்கின் இருவரும் கணினியில் தேடிக் கண்டுபிடித்தார்கள்: 27, 84, 110, 133 ஆகிய நான்கின் ஐந்தாம் வலுக்களைக் கூட்டினால் 144 இன் ஐந்தாம் வலு. அவர்கள் வெளியிட்ட கட்டுரை இரண்டே வாக்கியங்கள். எதிருதாரணத்துக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அதைச் சரிபார்க்க முடிந்தால் போதும்.

எதிருதாரணம் கிடைக்காவிட்டால் கூற்று உண்மை என்று ஆகிவிடாது. அப்போது நிறுவல் எழுத முயலுங்கள். நிறுவலில் எந்த இடத்தில் சிக்குகிறீர்களோ, அங்கேதான் எதிருதாரணம் ஒளிந்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆறாம் படி: உடைந்ததைத் திருத்துங்கள்

"ஓர் எண் 4 ஆலும் 6 ஆலும் வகுபடும் எனில் அது 24 ஆல் வகுபடும்." 12 இதை உடைக்கிறது. இங்கே பலர் "12 ஐத் தவிர" என்று சேர்த்துவிட்டுத் திருப்திப்படுவார்கள். 36 வந்து மறுபடி உடைக்கும், பிறகு 60. ஒவ்வொன்றாக விலக்கினால் முடிவே இராது. ஏன் உடைந்தது என்று கேளுங்கள். 4 இலும் 6 இலும் 2 பொதுவாக இருக்கிறது. இரண்டையும் பெருக்கும்போது அந்த 2 ஐ இரு தடவை எண்ணிவிட்டோம்.

காரணம் தெரிந்தால் திருத்த இரண்டு வழிகள். முடிவைத் தளர்த்தலாம்: 4 ஆலும் 6 ஆலும் வகுபடும் எனில் 12 ஆல் வகுபடும். அல்லது நிபந்தனையை இறுக்கலாம்: 3 ஆலும் 8 ஆலும் வகுபடும் எனில் 24 ஆல் வகுபடும், இவற்றுக்கு 1 ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. இப்போது மூன்று கூற்றுகளுக்கும் மறுதலையை எழுதிச் சோதியுங்கள். மூன்று மறுதலைகளும் உண்மை என்று வரும், உடைந்த முதற்கூற்றின் மறுதலை உட்பட. 24 ஆல் வகுபடும் எண் எதுவானாலும் அது 4 ஆலும் வகுபடும், 6 ஆலும் வகுபடும்.

அடுத்ததாக 6 ஐயும் 10 ஐயும் எடுத்து, 60 ஆல் வகுபடும் என்ற முடிவோடு ஒரு கூற்று எழுதி இந்த ஆறு படிகளிலும் நடத்திப் பாருங்கள். முதல் எதிருதாரணம் 60 ஐவிடச் சிறியது.